சிங்கப்பூர் விடுதியில் பாட்டியும் பேத்தியும்



நெய்வேலி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிள்ளைகளைச் சிங்கப்பூர் கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறோம். கூடவே சர்க்கரை வியாதிக்கார மாமியாரும் வருகிறார். பூங்காவை ஒட்டிய விடுதியில் தங்குவதா, ஊருக்குள் மலிவாகத் தங்குவதா?"

நாங்கள் இரண்டு மாதிரியும் தங்கிப் பார்த்தோம். நான், என் வீட்டுக்காரர், ஒன்பது வயது மகள், இன்சுலின் போட்டுக்கொள்ளும் என் மாமியார், கொழுந்தனார், ஓரகத்தி, அவர்களுடைய இரண்டரை வயதுப் பொடியன். செந்தோசா தீவுக்குள்ளேயே யுனிவர்சல் ஸ்டூடியோவுக்கு நடந்து போகிற தூரத்தில் இரண்டு ராத்திரி, பிறகு சிராங்கூன் சாலைப் பக்கம் இரண்டு ராத்திரி.

முதலில் பணம். அங்கே சில விடுதிகள் வாடகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். ஏதோ அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள்! சேவைக் கட்டணம் 10 சதவிகிதம், அதற்கும் மேல் 9 சதவிகித வரி. 100 வெள்ளி அறைக்குக் கடைசியில் 119 வெள்ளி 90 காசு. (டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். கேட்கவே நன்றாக இருக்கிறது.) நம் வீட்டில் போல ஒரே அறையில் பாயை விரித்து ஏழு பேரும் படுத்துக்கொள்ள விடமாட்டார்கள். அறைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. நடுவில் கதவு வைத்த இரட்டை அறை உண்டா, குழந்தைக்குத் தொட்டில் கட்டில் தருவார்களா என்று முன்பணம் கட்டுமுன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அறைக்குள் நுழைந்ததும் ஓரகத்தி செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, குளியலறைக்குப் போய் வெந்நீர்க் குழாயைத் திறந்து கையால் தொட்டுப் பார்த்தாள். பல விடுதிகளில் கொதிக்கக் கொதிக்கத்தான் வரும். பொடியன் திருகினால் தோல் போய்விடும். அடுத்து, மேசை மேல் இருந்த மின்சாரக் கெட்டிலை அலமாரிக்கு மேலே ஏற்றினாள். ஜன்னலை ஒட்டி இருந்த நாற்காலியை மறுபக்கம் நகர்த்தினாள். ஐந்து நிமிஷ வேலைதான்.

இனி மாமியார் விஷயம். இன்சுலினைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், டாக்டர் சீட்டோடு. விமானத்தின் அடிப்பகுதிக்குப் போகும் பெட்டியில் போட்டால் குளிரில் உறைந்து கெட்டுப்போகக்கூடும். அறையில் குட்டி ஃப்ரிட்ஜ் இருக்கும், ஆனால் சில இடங்களில் சாவி அட்டையை உருவிக்கொண்டு வெளியே போனால் அதுவும் சேர்ந்து நின்றுவிடும். வரவேற்பில் கேட்டுக்கொள்ளுங்கள். பிரிக்காத பாட்டிலுக்குத்தான் ஃப்ரிட்ஜ் கட்டாயம். உபயோகத்தில் இருப்பது பெரும்பாலும் நாலு வாரம் வரை வெயில் படாத அறையில் தாங்கும். உங்களுடையது எந்த வகை என்று டாக்டரிடம் கேளுங்கள். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்பதையும் அவரிடமே எழுதி வாங்கிவிடுங்கள்.

இரண்டாம் நாள் பூங்காவில் மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் நீண்ட வரிசை. காலையில் ஊசி போட்ட அம்மாள், நடந்த நடையோ கொஞ்சமில்லை. "அத்தை, ஏன் பேசாம இருக்கீங்க?" என்று கேட்டால் பதில் இல்லை. நெற்றியெல்லாம் வியர்வை, கை நடுக்கம். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. வெயிலால் என்று பக்கத்தில் ஒருவர் விசிறப் பார்த்தார். வெயில் இல்லை, சர்க்கரை இறங்கிவிட்டது. பையிலிருந்த குளுக்கோஸ் மூன்று தேக்கரண்டியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தோம். நினைவு இருந்ததால் கொடுத்தோம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. பிறகு நாலு பிஸ்கட். பூங்காவுக்குள் வெளி உணவு கூடாதென்றாலும், வாசலில் டாக்டர் சீட்டைக் காட்டியதும் பிஸ்கட்டை விட்டிருந்தார்கள். அடுத்த பத்தாவது நிமிஷம் என் வீட்டுக்காரர் அவரை அறைக்கு அழைத்துப்போய்ப் படுக்க வைத்துவிட்டார். பக்கத்து விடுதிக்குக் கொடுத்த அதிகப் பணம் எனக்கு அந்த ஒரு மத்தியானத்திலேயே செரித்துவிட்டது. சாயங்காலம் எழுந்து, "ராட்டினம் பார்க்கப் போகலாமா?" என்கிறார்!

ஆகவே நெய்வேலி சகோதரி, மாமியார் வருவதானால் பூங்கா நாளுக்கு மட்டுமாவது பக்கத்திலேயே தங்குங்கள். பிள்ளைகள் மட்டும் என்றால் அவ்வளவு செலவு அவசியமில்லை. லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறினால் ஐந்தாவது நிலையம் ஹார்பர்ஃபிரண்ட், நடுவில் மாறவே வேண்டாம். அங்கே விவோசிட்டி மூன்றாம் மாடியிலிருந்து செந்தோசாவுக்குக் குட்டி ரயில், 4 வெள்ளி. 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைக்குப் பெரிய ரயிலில் சீட்டு கிடையாது. பூங்காவிலும் நாலு வயதுக்குக் கீழே இலவசம்.

புறப்படுமுன் பிள்ளைகளைச் சுவரில் நிறுத்தி உயரம் அளந்துகொள்ளுங்கள். மம்மி சவாரிக்கு 122 சென்டிமீட்டர் வேண்டும். என் மகள் 119. மஞ்சக்குப்பத்திலேயே சொல்லிவிட்டதால் அங்கே அழுகை இல்லை, முறைப்பு மட்டும்தான்.

சிராங்கூன் சாலைக்கு வந்ததும் மாமியாருக்கு உயிர் வந்தது. 1947-லிருந்து நடக்கும் கோமள விலாசில் இட்லி, கொஞ்ச தூரத்தில் வீரமாகாளியம்மன் கோயில், கடைப் பலகையெல்லாம் தமிழ். தீவு விடுதியில் காலை உணவைத் தட்டில் அளைந்துகொண்டிருந்தவர் இங்கே மூன்று இட்லி கேட்டு வாங்கினார்.

மூட்டை கட்டும்போது ஒன்று கவனியுங்கள். குருமாவுக்காகக் கசகசா எடுத்துப்போகவே கூடாது, சிங்கப்பூரில் தடை. மெல்லும் புகையிலையும், சூயிங்கம்மும் அப்படியே. சில இருமல் மருந்துக்கும் தூக்க மாத்திரைக்கும் முன்கூட்டியே அனுமதி தேவை. வந்திறங்கும் படிவத்தை மூன்று நாளுக்குள் கணினியில் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கிறவரிடம் போகாதீர்கள். கடைசி நாள் அறையைக் காலி செய்தபின் விமானம் ராத்திரிதான் என்றால், பெட்டிகளை விடுதியிலேயே பத்திரமாக வைத்திருப்பார்கள். இன்சுலின் பையை மட்டும் உங்கள் தோளிலேயே மாட்டிக்கொள்ளுங்கள்.