பயறு தின்றும் ரத்தம் ஏறலையா?

தை மாதம் பெரம்பலூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மருமகளுக்கு ஆறாம் மாசம். ரத்தம் 11 இருக்க வேண்டிய இடத்தில் 9தான்! "தினம் மொச்சையும் தட்டைப்பயறுமா சாப்பிடறேனே சின்னத்தை, எல்லாம் எங்கே போகுது?" என்றாள்.

நியாயமான கேள்வி. பயறில் இரும்புச்சத்து இருப்பது வாஸ்தவம். கூடவே ஃபைட்டிக் அமிலம் என்று ஒன்று, தோலில் டானின் என்று இன்னொன்று. இரண்டும் இரும்பைப் பிடித்துக்கொண்டு, குடலை உறிஞ்ச விடாது. சோயாவும் அப்படித்தான். போதாக்குறைக்குச் சாப்பிட்ட கையோடு இவளுக்கு டீ வேறு, அதிலும் டானின்!

ராத்திரியே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு. தட்டைப்பயறை முளைகட்டு, அமிலம் குறையும். மொச்சையைப் பிதுக்கித் தோலை எடுத்துக் குழம்பு வை. சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்பு சுலபமாய்ச் சேரும். டீ ஒரு மணி நேரம் கழித்துத்தான் என்றேன்.

"மாத்திரை?"

அரியலூரிலிருந்து வந்திருந்த அவள் அம்மா, "கறுப்பாப் போகுதேன்னு நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றார். அட ராமா! 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. கறுப்பாய்ப் போவது இரும்பு மாத்திரையின் குணம், கெடுதல் இல்லை என்று விளக்கி, அன்று ராத்திரியே போட வைத்தேன்.