சல்லடைக்கு ஒளி தெரியுமா?

மே திங்கள் வந்தால் தூத்துக்குடியின் பாத்திகளிலே உப்பு விளைகிறது. வீடுகளிலே கவலை விளைகிறது. முள்ளக்காட்டு வெயிலில் உப்பு வாரும் தாயும், துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கும் தந்தையும், தெரேசபுரத்துக் கரையில் வலை உலர்த்தும் பாட்டனும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர்: "பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைக்குமா?"

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வந்துவிட்டது. பிள்ளை பெற்றிருப்பது 600க்கு 338 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாடத்திலும் தவறவில்லை. நூற்றுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி என வரம்பு வகுத்த அரசு, "தேறினான்" என்று சான்றிதழ் தருகிறது. "தேறமாட்டான்" என்று தீர்ப்பு எழுதுகிறது தெரு! தேறியவனைத் தோற்றவனாக்கும் இந்தத் தீர்ப்பை எழுத இவர்களுக்கு அதிகாரம் கொடுத்தது யார்?

தெருவிலே முதலில் நிற்பது விளம்பரப் பலகை. மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017ஆம் ஆண்டு தமிழக அரசு நிறுத்திற்று. அரசு நிறுத்தியதை ஆசை நிறுத்தவில்லை. முந்நூறு பிள்ளைகள் படித்த பள்ளியின் வாயிலில் மூன்று பிள்ளைகளின் முகங்கள் மட்டும் முழுநிலவாய்ச் சிரிக்கின்றன. மற்ற 297 பேரும் எங்கே? அவர்கள் கட்டிய கட்டணத்தில்தானே அந்தப் பலகை எழுந்தது!

அடுத்து நிற்பவர் சோதிடர். பிள்ளையின் விருப்பம் என்னவென்று கேட்க வேண்டிய தந்தை, பிள்ளையின் கட்டத்தில் புதன் எங்கே இருக்கிறான் என்று கேட்டுவிட்டு வருகிறார். வானத்துக் கோள்களுக்கு வணிகவியலுக்கும் விலங்கியலுக்கும் வேற்றுமை தெரியுமாம். வீட்டிலே பதினேழு ஆண்டு வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாதாம்! என்னே விந்தை!

இருவரையும் விடக் கொடியவர் மூன்றாமவர், அவர்தான் தரகர். தேர்வு முடிவு வந்த மறுநாளே தொலைபேசியில் தேனாகப் பேசுகிறார். "இந்த மதிப்பெண்ணுக்கு எங்கும் இடம் இல்லை, எனக்குத் தெரிந்த கல்லூரியில் இன்னும் இரண்டே இடங்கள், இன்று மாலைக்குள் முன்பணம்" என்கிறார். அச்சத்தை விதைத்து அவசரத்தை அறுவடை செய்கிறார். தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போகிறது. அசல் சான்றிதழ் தரகரின் பைக்குள் போகிறது. பின்னர் மனம் மாறினாலும் மீள வழி தெரியாமல் குடும்பம் தவிக்கிறது. ஆசிரியப் பணியில் இருக்கும் நாம் இந்தக் காட்சியை ஆண்டுதோறும் காண்கிறோம், காணுந்தோறும் கொதிக்கிறோம்.

கொதித்தால் போதுமா? இந்த வணிகத்திற்கு முதலீடாக இருப்பது எது என்று ஆராய வேண்டாமா? பணமன்று, தோழர்களே! "தகுதி" என்ற ஒரு சொல்தான் அந்த முதலீடு. அதிக மதிப்பெண் பெற்றவனுக்கே படிப்பு, இடைநிலையில் நிற்பவனுக்கு இரக்கம் காட்டினால் பெரிது என்ற எண்ணம் ஏழைத் தாயின் நெஞ்சிலே ஏற்றப்பட்டுவிட்டது. ஏற்றிய பிறகு, இரக்கத்துக்கு விலை வைப்பது எளிது.

அந்தச் சொல்லின் வரலாற்றைச் சற்றுப் புரட்டுவோம். சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டின் வகுப்புரிமை ஆணைப்படி, கல்லூரியின் ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 எனப் பங்கிடப்பட்டது. இதனால் மருத்துவக் கல்லூரியில் தமக்கு இடம் மறுக்கப்படும் என்று 1950இல் வழக்குத் தொடுத்தார் செண்பகம் துரைராசன். அவர் அக்கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது பின்னர் வெளிவந்தது. ஆயினும் ஆணை செல்லாதென்று உயர்நீதிமன்றம் உரைத்தது. 1951இல் உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. தமிழகம் கொதித்தெழுந்தது. அதே ஆண்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் பிறந்தது. பிற்படுத்தப்பட்டோருக்குக் கல்வியில் இடம் ஒதுக்க வழி பிறந்தது.

தகுதி என்ற வாள் உறைக்குள் உறங்கிவிட்டதா? இல்லை. 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு என்ற உருவில் வந்தது. ஊரகப் பிள்ளைக்கும் நகரப் பிள்ளைக்கும் நடுவே பயிற்சிக்கூடம் மதிலாக எழுந்தது. 2006இல் தமிழக சட்டமன்றம் சட்டம் இயற்றி அந்த மதிலை இடித்தது. 2017இல் நீட் என்ற பெயரில் அது மீண்டும் எழுந்தது. 1200க்கு 1176 பெற்ற அரியலூர் மாவட்டத்து அனிதாவுக்கே மருத்துவக் கல்லூரியின் கதவு அன்று மூடப்பட்டதென்றால், 338 பெற்ற பிள்ளையின் தாய் அஞ்சுவதில் வியப்பென்ன?

ஆனால் அந்தத் தாய்க்குத் தெரியாத இன்னொரு செய்தியும் உண்டு. 2023இல் மருத்துவப் பட்டமேற்படிப்பில் இடங்கள் நிரம்பாமல் கிடந்தபோது, நீட் தேர்வின் தகுதிக் கோட்டைச் சுழிய விழுக்காட்டு நிலைக்கே இறக்கியது ஒன்றிய அரசு. தேர்வு எழுதிய எவரும் தகுதியுடையவராயினர்! இடங்கள் காலியாகக் கிடந்தால் கரைந்துபோகும் தகுதி, ஏழையின் பிள்ளை வாயிலில் நின்றால் மட்டும் கல்லாக இறுகுவானேன்? கோடு கடவுள் போட்டதன்று, மனிதன் போட்டது. மனிதன் போட்ட கோட்டை மனிதன் கேள்வி கேட்பதுதானே பகுத்தறிவு?

மதிப்பெண் எதையுமே காட்டவில்லை என்று நாம் கூறவில்லை. அது ஒன்றைக் காட்டுகிறது. மூன்று மணி நேரத்தில் இவ்வளவு எழுதினான் என்று காட்டுகிறது. எந்த விளக்கின் கீழ் படித்தான், விடியலில் எத்தனை குடம் நீர் சுமந்தான், கடலுக்குப் போன தந்தை திரும்பும்வரை எத்தனை இரவு விழித்திருந்தான் என்பதைக் காட்டவில்லை.

நம் முன்னோர் முத்துக்குளித்த கரை இது. அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961உடன் இக்கரையில் ஓய்ந்தது. ஆயினும் முத்தைத் தரம்பிரித்த முறை நாம் நினைவில் வைக்கத்தக்கது. பெரிய துளை முதல் சிறிய துளைவரை வெவ்வேறு பித்தளைச் சல்லடைகளில் முத்துக்களை இட்டுச் சலிப்பார்கள். பெரியது மேலே தங்கும். சிறியது கீழே விழும். அத்துடன் வணிகர் விலை சொல்லிவிடுவாரா? மாட்டார். கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பார். வெளிச்சத்தில் பிடித்து ஒளியைப் பார்ப்பார். பிறகே விலை சொல்வார். சல்லடை பருமனைச் சொல்லும். ஒளியைச் சொல்லாது என்பது அந்த வணிகருக்குத் தெரிந்திருந்தது. தேர்வு என்ற சல்லடையில் விழுந்ததோடு பிள்ளையின் விலை முடிந்தது என்கிற நமக்குத்தான் அந்தத் தெளிவு இல்லை!

உடனே சில நல்லவர்கள் ஆறுதல் கூற வருவர். "கணித மேதை இராமானுசன்கூட எஃப்.ஏ. தேர்வில் தவறியவர்தாமே! பின்னாளில், 1918இல், இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவில்லையா?" என்பர். உண்மைதான். எனினும் இந்த ஆறுதலை நாம் ஏற்பதற்கில்லை. நடுநிலை மாணவன் நாளைக்கு மேதையாவான் என்பதற்காகவா அவனுக்கு இடம் கேட்கிறோம்? மேதையாகாமல் போனால் அவன் படிக்கக் கூடாதா? நல்ல கணக்கராக, செவிலியராக, கப்பல் பழுது பார்ப்பவராக, நாளிதழ் படித்து நீதி கேட்கும் குடிமகனாக வாழ்ந்தால் போதாதா? நாட்டை நாள்தோறும் நடத்துபவர்கள் நடுநிலையினர்தாமே! கல்வி மேதைக்குப் பரிசன்று, மனிதனுக்கு உரிமை.

அந்த உரிமைக்காகவே இவ்வூரில் கதவுகள் திறக்கப்பட்டன. பெண்களுக்கென 1948இல் தூய மரியன்னை கல்லூரி எழுந்தது. 1951இல், கப்பலோட்டிய தமிழரின் பெயரால் வ.உ.சிதம்பரம் கல்லூரியை ஏ.பி.சி. வீரபாகு நிறுவினார். 1966இல் காமராசர் பெயரால் ஒரு கல்லூரி வந்தது. 1977இல் மீன்வளக் கல்லூரி வந்தது. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28.4, தமிழ்நாட்டில் 47. முதல் மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் சேர்த்திருந்தால் இந்த 47 வந்திருக்குமா? நடுநிலைப் பிள்ளைகள் நடந்து வந்ததால்தான் வந்தது!

ஆகவே பெற்றோரிடம் நாம் பணிவுடன் கூறுவது இது. அஞ்சாதீர்கள், அவசரப்படாதீர்கள். பொறியியலுக்கு 1997 முதலே ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு நடக்கிறது. அங்கே தரகருக்கு வேலை இல்லை. அரசுக் கலைக்கல்லூரிக்கு விண்ணப்பிக்கவும் தரகர் வேண்டியதில்லை. பட்டயப் படிப்பு முடித்தவன் பொறியியலின் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம்; சுற்றுவழி எனினும் அது சுருங்கிய வழியன்று. நன்கொடை வாங்குவதைத் தடுக்கும் சட்டம் தமிழகத்தில் 1992 முதல் இருக்கிறது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாதென்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை 2010இலேயே வந்தது. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் திங்கள்தோறும் 1000 ரூபாய் உதவித்தொகையுடன் தொடங்கப்பட்டன. இவற்றைக் கேட்டுப் பெறுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னே, பிள்ளையைக் கேளுங்கள்!

தோழர்களே! சட்டம் ஏட்டில் இருக்கிறது. அச்சம் வீட்டில் இருக்கிறது. ஏட்டையும் வீட்டையும் இணைக்கும் பாலம் நம்மைத் தவிர வேறு யார்? மன்றத்திலே தகுதியின் மோசடியைத் தாக்கி முழங்குகிறோம்; கை தட்டுகிறார்கள். அடுத்த தெருவிலே ஒரு தாய் விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாமல் தரகரிடம் தாலிக்கொடியைக் கொடுக்கிறாள். அப்படியானால் நம் முழக்கம் யாருக்குப் பயன்பட்டது?

படிப்பகம்தோறும் மே திங்களில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போடுங்கள். உப்பளத்தில் வேலை முடிந்து வருவோருக்காக மாலையிலும் விளக்கு எரியட்டும். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். கடைசி நாளைச் சுவரில் எழுதிப் போடுங்கள். கட்டணத்துக்குச் சீட்டு கேட்கக் கற்றுக் கொடுங்கள். ஒரு தவணையும் தவறியவர் இருந்தால் துணைத் தேர்வுக்கு அழைத்துச் செல்லுங்கள். 338 பெற்ற பிள்ளை தலை குனிந்து வருவான். அவனை நாற்காலியில் அமர்த்துங்கள். "எவ்வளவு மதிப்பெண்?" என்று தொடங்காதீர்கள், "என்ன படிக்க விரும்புகிறாய்?" என்று கேளுங்கள்.