பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மூடுங்கள்

டிரான்சிஸ்டர் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வந்து திருகினால் சத்தம் வராது. மூடியைத் திறந்தால் பேட்டரிக் கட்டை ஊறி, ஸ்பிரிங்கெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும்.

அதே கதையைப் போன டிசம்பரில் அமெரிக்காவில் மகன் வீட்டில் பார்த்தேன். அங்கே பல வீடுகளில் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றிப் பொம்மை ரயில் ஓடவிடுவார்கள். பேரனிடம் இருப்பது மூன்று தண்டவாளம் கொண்ட 'ஓ கேஜ்' நீராவி ரயில். புகை விடும், குப் குப் என்று மூச்சு வாங்கும், விசில் அடிக்கும். ஜனவரியில் அட்டைப்பெட்டிக்குள் போனால் அடுத்த டிசம்பரில்தான் வெளியே வரும்.

இந்த முறை எடுத்து ஓட்டினோம். ஓடியது, ஆனால் ஊமையாக. "எஞ்சின் செத்துப் போச்சா தாத்தா?" என்றான் பேரன். டெண்டரைத் திறந்தேன். உள்ளே இருந்த 9 வோல்ட் பேட்டரி கசிந்து, சவுண்ட் போர்டின் தாமிரக் கோடுகளை அரித்திருந்தது.

தண்டவாளத்திலேயே மின்சாரம் வரும்போது பேட்டரி எதற்கு என்று கேட்பீர்கள். இந்த வகை ரயிலில் திசை மாற்ற, மின்சாரத்தை ஒரு கணம் நிறுத்தித் தருவார்கள். தண்டவாளம் அழுக்கானாலும் மின்சாரம் விட்டுவிட்டு வரும். ஓடுகிற வேகத்தில் எஞ்சின் அந்த இடத்தைக் கடந்துவிடும். சத்தம் மட்டும் அறுந்துபோகும். அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் பேட்டரி.

"அது இல்லாமலும் சத்தம் வரும்ப்பா, எடுத்துப் போட்டுடுங்க" என்றான் மகன். எனக்கு அதில் சம்மதமில்லை. பாதி விசிலில் சத்தம் நின்றால் ரயில் வெறும் பொம்மையாகிவிடும். துணை மின்சாரம் வேண்டும். ஆனால் சில விநாடி வேலைக்காகக் கசியக்கூடிய ஒன்றை வருஷம் முழுக்க உள்ளே வைத்திருப்பதுதான் தப்பு.

இந்த வேலைக்குப் பொருத்தமானது சூப்பர் கெபாசிட்டர். ஓடும்போதே மின்சாரத்தைச் சேர்த்துவைத்து, தடைப்படும் சில விநாடிகளுக்குக் கொடுக்கும். வருஷாவருஷம் மாற்ற வேண்டாம். புது எஞ்சின்கள் சிலவற்றில் அதுவே வருகிறது. பழைய எஞ்சின் என்றால், அதற்கு ஏற்றதுதானா என்று விசாரித்துப் பொருத்துங்கள். பேட்டரிதான் என்றால் பெட்டியில் வைக்கும் முன் கழற்றுங்கள். சார்ஜ் ஆகும் பேட்டரி இருந்த இடத்தில் சாதா பேட்டரியை மட்டும் போடாதீர்கள். சார்ஜ் ஏறினால் அது கசியும், வெடிக்கவும் கூடும்.

வினிகரில் நனைத்த பஞ்சால் போர்டைத் துடைத்து, அறுந்த கோட்டுக்கு மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைத்தேன். மூன்றாம் நாள் விசில் அடித்தது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

உங்கள் வீட்டில் பொம்மை ரயில் இல்லாமல் இருக்கலாம். அலமாரியில் டார்ச்சும் பி.பி. பார்க்கும் கருவியும் இருக்குமே? இன்றைக்கே திறந்து பாருங்கள்.