தட்டு மாறும் கதை

அமெரிக்காவில் குடியேறும் மெக்சிகோக்காரர்களின் சாப்பாடு, வந்த புதிதில், அங்கேயே பிறந்தவர்களின் சாப்பாட்டைவிடப் பொதுவாகச் சத்தானது. சுண்ணாம்பு நீரில் வெந்த மக்காச்சோளத்தை அரைத்துச் சுட்ட ரொட்டி, குழைய வெந்த பீன்ஸ், தக்காளி, மிளகாய், பழம் என்று நார்ச்சத்துக்குக் குறைவில்லை. சுண்ணாம்பால் கால்சியமும் கூடுகிறது. ஆண்டுகள் போகப்போக இந்த மேன்மை தேய்கிறது. அங்கே பிறந்த பிள்ளைகளின் தட்டில் பர்கரும் சிப்ஸும் ஏறிவிடுகின்றன.

இதை நாக்குச் சபலம் என்று தள்ளிவிட முடியாது. இரண்டு வேலை பார்க்கும் தாய்க்கு பீன்ஸை ஊறவைத்து வேகவைக்க நேரம் ஏது? துரித உணவு தெருமுனையிலேயே மலிவாகக் கிடைக்கிறது.

தாய்நாட்டு உணவெல்லாம் அமிர்தம் என்பதும் மிகை. மெக்சிகோவிலேயே குளிர்பான மோகம் முற்றி, 2014-ல் லிட்டருக்கு 1 பெசோ வரி போட நேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகர வாக்காளர்களும் அப்படியொரு வரிக்கு ஒப்புதல் தந்தனர்.

வரி ஒருபுறம் இருக்கட்டும். அமெரிக்கப் பள்ளி மதிய உணவில் வாரத்துக்கு அரைக் கோப்பைப் பயறு விதிப்படியே உண்டு. அதைப் பிள்ளைகளின் வீட்டுப் பக்குவத்தில் சமைத்துப் போடப் பெரிய செலவு ஆகாது.