செல்போன் பிடித்தால் பெண் கெட்டுவிடுவாளா?

நர்சிங் படிக்கும் பெண்கள் யூடியூபிலும் வாட்ஸ்அப் குழுவிலும் பாடம் படிக்கின்றார்களாம். அதனால் ஒழுக்கம் பாழாகிவிடுமாம். ஊர்ப் பெரியதனக்காரர்கள் சிலர் இப்படிக் கூச்சலிடுகின்றார்கள். அன்று, பெண் எழுத்துப் படித்தால் கள்ளக் கடிதம் எழுதுவாள் என்றவர்களின் வாரிசுகள்தானே இவர்கள்! ஆண்பிள்ளை விடியவிடிய செல்போன் பார்த்தால் கெடாத ஒழுக்கம், பெண் பாடம் பார்த்தால் மாத்திரம் கெடுமா என்று கேட்கின்றோம்.

நெய்வேலிச் சுரங்கத் தொழிலாளியின் மகள் தமிழில் படித்துவிட்டு நர்சிங்கில் சேருகின்றாள். புத்தகமோ இங்கிலீஷ். இதயம் நின்றவரின் மார்பை நிமிஷத்திற்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 6-க்கு மிஞ்சாமலும் அழுத்த வேண்டும் என்பது புத்தகத்தில் விளங்காவிட்டால், தமிழில் செய்து காட்டும் படத்தைப் பத்துத் தடவை பார்த்து விளங்கிக்கொள்ளுகின்றாள். இதற்கு டியூஷன் பணம் கொடுக்க அவளது தகப்பனால் முடியுமா?

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் திருத்திய பி.எஸ்ஸி. பாடத்திட்டத்தில் தகவல் தொழில்நுட்பத்தையே ஒரு பாடமாக வைத்திருக்கின்றது. மாலை 6 மணி முதல் 10 மணி வரை செல்போன் கூடாதென்ற விடுதி விதியை எதிர்த்துக் கோழிக்கோட்டு மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையத்தை உபயோகிப்பது கல்வி உரிமையின் பாகம் என்று கேரள உயர்நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. இதற்குப் பிறகும் பூட்டும் சாவியும் ஏன்?

நிற்க, மாணவிகளுக்கும் ஒரு வார்த்தை. புராணத்தை நம்பாதே என்று சொல்லும் நாம், வாட்ஸ்அப்பை நம்பு என்று சொல்லமாட்டோம். 1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் கறுப்பாய் ஏதோ வந்தது. அதற்குக் கற்பூரம் கொளுத்தியா நிலக்கரி என்று கண்டார்கள்? துளை போட்டுச் சோதித்தல்லவா கண்டார்கள்! செல்போனில் வருவதையும் அப்படியே சோதியுங்கள். சொன்னவர் யார், ஆதாரம் என்ன, பாடப்புத்தகம் என்ன சொல்லுகின்றது என்று கேளுங்கள். பார்த்ததை ஆசிரியர் முன்னிலையில் பொம்மையின்மேல் செய்து பழகாமல் நோயாளியைத் தொடாதீர்கள். நோயாளியின் படத்தை எக்குழுவிலும் போடாதீர்கள். அவர் மானம் உங்கள் கையில் இருக்கின்றது.

பெற்றோர்களே! நாளை உங்கள் மூச்சுத் திணறும்போது ஓடிவரப் போகிறவள் இந்தப் பெண்தான். அவளை அறிவோடு வரவிடப் போகின்றீர்களா, அடக்கத்தோடு மாத்திரம் வரவிடப் போகின்றீர்களா?