கஞ்சாவும் குளிர்ப்பெட்டியும்: ரம்புக்கனையிலிருந்து ஒரு கேள்வி

ரம்புக்கனைப் பக்கத்து இளைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். வீட்டில் வளர்த்த கஞ்சாச் செடியின் பூங்கொத்துகளைக் குளிர்சாதனப் பெட்டியின் உறைகூடத்தில் வைத்தால் அவை உலர்ந்து பதமாகிவிடும் என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்களே, உண்மையா? "தம்பி, அது சட்டவிரோதம்" என்ற ஒரே வரியோடு பேச்சை முடித்திருக்கலாம். அந்த வரி உண்மையும்கூட. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், அமைச்சரின் அனுமதிப்பத்திரம் இன்றி ஒரு கஞ்சாச் செடியை நடுவதையே குற்றமாக்கியிருக்கிறது. உலர்த்துவது அதற்குப் பின்னர் வரும் கதை. ஆயினும் இந்தக் கேள்வியை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. கஞ்சா பற்றி இந்நாட்டில் நடந்துவரும் வாதங்கள் எல்லாம் தவறவிட்ட ஒரு விடயம் இதற்குள் இருக்கிறது.

முதலில் கேள்விக்குப் பதில். உறைகூடம் உலர்த்தாது, உறைய வைக்கும். பனிக்கட்டி நீராகாமலே நேராக ஆவியாவது உண்டு. உடனடிக் கோப்பித் தூள் செய்யும் ஆலைகளில் உறையவைத்து உலர்த்துவது இவ்வாறுதான். ஆனால் அங்கே காற்றை வெளியேற்றி வெற்றிடம் உண்டாக்கும் இயந்திரம் இருக்கிறது. வீட்டுக் குளிர்ப்பெட்டியில் அது இல்லை. ஆகவே அதே காரியம் அங்கே வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் இழுபடும். நெடுநாள் மறந்துபோன இறைச்சித் துண்டின் மேற்புறம் வெளிறிக் காய்ந்து, உட்புறம் அப்படியே இருப்பதை நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் கண்டிருப்பார்கள். கஞ்சாவுக்கும் அதுவே நேரும். போதாக்குறைக்கு, அதன் வீரியம் முழுவதும் பூவின் மேல் ஊசிமுனை அளவில் நிற்கும் பிசின் சுரப்பிகளில் இருக்கிறது. கடுங்குளிரில் அவை கண்ணாடிபோல் நொறுங்கி உதிர்ந்துவிடும். வெளியே எடுத்ததும் கேகாலை மாவட்டத்து ஈரக்காற்று அதன்மேல் வியர்த்துப் படியும். பின்னர் பூஞ்சணம் பிடிக்கும். அஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சணம் நோயெதிர்ப்பு குன்றியவர்களின் நுரையீரலைத் தாக்கி உயிரையும் வாங்கக்கூடியது. மீனுக்கும் ஐஸ்கிறீமுக்கும் நடுவில் வைக்கப்பட்ட பொட்டலம் சிறுபிள்ளையின் கையில் அகப்பட்டால் என்னாகும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

பதமாக்குதல் என்பது ஈரத்தை வெளியேற்றுவது மட்டுமன்று. இலை மெல்ல மெல்லச் சாகவேண்டும். பச்சையம் சிதைய வேண்டும், நொதிகள் தம் வேலையைச் செய்து முடிக்கவேண்டும். அதற்கு நாட்கள் வேண்டும், நிழல் வேண்டும், காற்றோட்டம் வேண்டும். குளிர் அந்த வேலையை நிறுத்திவைக்கும்.

இதை ரம்புக்கனையில் ஒருவர் கேட்பதுதான் வேடிக்கை. கண்டி நோக்கிச் செல்லும் புகைவண்டி கடுகண்ணாவை மலைமீது ஏறத் தொடங்கும் அந்தச் சிறு நகரைச் சுற்றியுள்ள மக்களைக் காட்டிலும் உலர்த்தும் கலை அறிந்தவர்கள் இந்நாட்டில் குறைவு. மிளகைப் பாயில் பரப்பிக் கைவிரலால் கிண்டிப் பார்த்தே பதம் சொல்பவர்கள் அவர்கள். கராம்பு மொட்டை நுனியில் ஒடித்து, ஒடியும் ஓசையில் ஈரத்தை அறிவார்கள். இறப்பர்த் தகடுகள் புகைக்கூடத்தில் எத்தனை நாள் தொங்கினால் தேன்நிறம் வரும் என்பது எங்கள் தோட்டத்து மக்களுக்கு மனப்பாடம். சப்ரகமுவையின் மலைப்பக்கத் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்தை மேல்மாடியில் பரப்பி, இரவெல்லாம் வாடவிட்டு, அது கையில் துணிபோல் குழையும் நேரத்தைக் கண்டுபிடித்த முதியவர்கள் இருந்தார்கள். கருவாப்பட்டையை வெயிலில் காயப்போடக்கூடாது, நிழலில் கயிற்றில்தான் என்று சொல்ல இரத்தினபுரிப் பக்கத்தில் எந்தப் புத்தகமும் தேவையில்லை.

இத்தகைய ஊரில் ஓர் இளைஞன் உலர்த்துவதற்கு ஏன் குளிர்ப்பெட்டியைத் தேடுகிறான்? முற்றம் அவனுக்கு மூடப்பட்டிருக்கிறது. வாசனை வெளியே போகக்கூடாது, அயல்வீட்டுக்காரர் காணக்கூடாது, பொலிஸார் வரக்கூடாது. உறைகூடத்தில் உலர்த்துவது என்பது ஒளித்துவைப்பதற்குக் கண்டுபிடித்த வழி. அதற்கு நுட்பம் என்ற பெயரைப் பின்னர் சூட்டிவிட்டார்கள். அந்த இளைஞனுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. வளரும் மூளைக்குக் கஞ்சா நல்லதல்ல. இளவயதில் தொடர்ந்து புகைப்பவர்களிடம் மனச்சிதைவு நோய் கூடுதலாகக் காணப்படுகிறது என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை. எனது வழக்கு வேறொருவர்மீது. அதே இலையை அவனைவிட மோசமாக வைத்திருப்பது யார் என்று கேட்கிறேன்.

விடை, அரசாங்கம்.

1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், சுதேச வைத்தியத்துக்குரிய மருந்துகளுக்காக அபினையும் கஞ்சாவையும் பெற்றுக்கொள்ள இடமளிக்கிறது. மதன மோதகம் போன்ற பழைய மருந்துகளில் கஞ்சா முதன்மைச் சரக்கு. (பாடசாலை வாசல்களில் அதே பெயரில் பிடிபடும் உருண்டைகளை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பயிரிட எவருக்கும் அனுமதி இல்லாத நாட்டில் இலை எங்கிருந்து வரும்? நீதிமன்றத்திலிருந்து. எம்பிலிப்பிட்டியப் பக்கத்துக் காட்டுச்சேனைகளிலும் மொனராகலையிலும் பிடிபட்டவை, வடக்குக் கடலில் படகோடு அகப்பட்ட 'கேரள கஞ்சா' என்று பத்திரிகைகள் எழுதுபவை, இவையெல்லாம் சான்றுப்பொருள்களாகச் சாக்கில் கட்டப்பட்டு, வழக்கு முடியும்வரை களஞ்சியத்தில் கிடக்கும். நம் வழக்குகள் எவ்வளவு காலம் நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். 2017 செப்டெம்பரில் அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன, இங்கிரியவில் 100 ஏக்கரில் மருத்துவக் கஞ்சா பயிரிட்டு ஆண்டுக்கு 25 தொன் பெறப்போவதாக அறிவித்தார். அதற்கு அவர் காட்டிய காரணம்தான் முக்கியம்: வைத்தியர்களின் கைக்கு வரும் இலை நாலைந்து ஆண்டு பழையது, வீரியம் இழந்தது. அத்திட்டத்தின் நன்மை தீமை ஒருபுறம் இருக்கட்டும். ஒரு நாட்டின் சுகாதார அமைச்சரே தம் நாட்டு மருந்து செத்த சரக்கில் செய்யப்படுகிறது என்று பகிரங்கமாகச் சொன்னார். அது எவரையும் திடுக்கிட வைக்கவில்லை. நூறு ஏக்கர் என்ற எண் தலைப்புச் செய்தியாயிற்று. நாலைந்து ஆண்டு என்ற எண் உட்பத்தியில் ஒதுங்கிக்கொண்டது. எங்கள் தொழிலின் இலட்சணம் அப்படி.

நாலைந்து ஆண்டில் என்ன நடக்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் ரொஸ், எல்சோலி என்னும் இருவர் கஞ்சாவைச் சாதாரண அறை வெப்பத்தில் வைத்து நான்கு ஆண்டுகள் அளந்தார்கள். போதைக்குக் காரணமான டீ.எச்.சீ. முதல் ஆண்டில் சுமார் 17 சதவீதமும், நான்காம் ஆண்டின் முடிவில் 41 சதவீதமும் குறைந்திருந்தது. குறைந்ததில் ஒரு பகுதி கன்னாபினோல் என்ற வேறொரு பொருளாக மாறுகிறது. 1890களில் கேம்பிரிட்ஜ் இரசாயனவியலாளர்கள் இந்தியச் சரக்கிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்ததும் இந்தக் கன்னாபினோலைத்தான். கஞ்சாவின் உயிர் அதுவே என்று பலகாலம் நம்பினார்கள். அது முதுமையின் எச்சம் என்பது பின்னரே விளங்கியது. உண்மையான பொருளை இஸ்ரேலில் மெக்கூலமும் கவோனியும் 1964இல் பிரித்தெடுத்தார்கள். அதற்காக மெக்கூலம் பொலிஸாரிடம் கேட்டு வாங்கிய ஐந்து கிலோ ஹஷீஷைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். பிடிபட்ட சரக்கினால் ஆகக்கூடிய நல்ல காரியம் அப்படியும் உண்டு.

நான் அளவிட்டுச் சொன்ன இழப்பு ஆய்வுகூடத்துச் சுத்தமான நிலையில் நேர்ந்தது. மழைக்காலத்தில் சுவர் கசியும் களஞ்சியத்தில், எலியும் ஈரமும் பங்கு போட்டுக்கொள்ளும் சாக்கில், எவ்வளவு மிஞ்சும்? சுதேச வைத்திய முறையில் கஞ்சாவுக்குச் சுத்தி செய்வது கட்டாயம். இலையைத் துணியில் முடிந்து, பச்சைச் சாயம் போகும்வரை நீரில் அலசி, உலர்த்தி, நெய்யில் வறுப்பார்கள். நல்ல இலைக்கு எழுதிவைத்த விதி அது. ஒவ்வொரு சாக்கிலும் வீரியம் வெவ்வேறாக இருக்கும் சரக்கில் அளவு பார்த்து மருந்து கட்டுவது எங்ஙனம்? ஒருவருக்கு மருந்து வேலை செய்யாது, மற்றவருக்குத் தலை சுற்றும். பழி வைத்தியர்மீது விழும். 'நாட்டு மருந்து இப்படித்தான்' என்று படித்தவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள்.

உண்மையில் குளிர்ப்பெட்டி இருக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. பதமாக உலர்த்திய இலையை நெடுங்காலம் காக்க, இருட்டும் குளிரும் மிகவும் உதவும். இளைஞன் அடுக்களையில் செய்ய நினைத்ததை, உரிய வரிசையில், அரசாங்கம் தன் களஞ்சியத்தில் செய்திருக்கவேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியிலேயே இதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. இன்றைய பங்களாதேசத்தின் நவுகாவோன் பகுதியில் அனுமதிபெற்ற சிறு விவசாயிகள் கஞ்சா பயிரிட்டார்கள். அறுத்த செடியை அதற்கென்று அமைந்த களத்தில் பரப்பி, காலால் மிதித்துப் படியவைத்து, காய்ந்ததை அரசின் பண்டசாலையில் சேர்த்தார்கள். கல்கத்தா தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த டேவிட் பிரெய்ன் அந்த வேலையை நேரில் பார்த்து 1893இல் அறிக்கை எழுதினார். 1893-94இல் அமர்ந்த இந்திய சணல் போதைப்பொருள் ஆணைக்குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, முழுத்தடை வேண்டாம், கட்டுப்பாடு போதும் என்றது. 1917இல் அவ்விவசாயிகள் தமக்கென ஒரு கூட்டுறவுச் சங்கமும் கண்டார்கள். வெள்ளைக்காரனுக்கு அதில் வரி வருமானம் குறி என்பது உண்மையே. ஆயினும் களமும் பண்டசாலையும் கணக்கும் விவசாயியின் பெயரும் அதில் இருந்தன.

நாம் தேர்ந்த வழி வேறு. 2022 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் ரணில் விக்கிரமசிங்க ஏற்றுமதிக் கஞ்சா பற்றி ஆராய நிபுணர் குழு என்றார். டொலர் பஞ்சத்தில் எல்லா இலையும் டொலராகத் தெரிந்த காலம் அது. 2025இல் மீரிகமவில் 64 ஏக்கரில் ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ஏற்றுமதிக்காகப் பயிரிட வழி திறக்கப்பட்டது. விளைவது அனைத்தும் கப்பலேறும். உள்ளூரில் விற்பனை இல்லை. மீரிகம, ரம்புக்கனைக்குச் செல்லும் அதே புகைவண்டிப் பாதையில், அதற்குச் சில நிலையங்கள் முன்னால் இருக்கிறது. அந்த வேலிக்குள் வெப்பமும் ஈரமும் அளந்த அறைகளில் இலை முறையாக உலரும். ஐரோப்பிய நோயாளிக்குப் பரிசோதித்த மருந்து போய்ச்சேரும். வேலிக்கு வெளியே உள்ள வைத்தியருக்கு வழக்கு முடிந்த சாக்கு.

ஏற்றுமதியை நான் எதிர்க்கவில்லை. ஆனால் வேலிக்குள் அறுவடையாகும் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பங்கை ஆயுர்வேத மருந்து உற்பத்திக்கு ஒதுக்கும்படி அனுமதிப்பத்திரத்தில் ஒரு நிபந்தனை எழுதுவது அமைச்சருக்குப் பெரிய காரியமன்று. வீரியம் இவ்வளவு, ஈரம் இவ்வளவு, பூஞ்சணம் இல்லை என்ற பரிசோதனைச் சீட்டோடு அது வரட்டும். மருத்துவ மூலிகைகளைப் பயிரிடுவது, அறுப்பது, உலர்த்துவது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2003லேயே வழிகாட்டி வெளியிட்டுவிட்டது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. அடுத்து, நீதிமன்றச் சாக்குகள் மருந்துக்குப் போவதை நிறுத்தவேண்டும். வழக்குக்குத் தேவையான மாதிரியை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு மீதியை எரித்துவிடலாம். வேலைக்கு ஆள் எடுக்கும்போது, உலர்த்தும் அறையின் பொறுப்பைக் கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் புகைக்கூடமும் வாட்டுமாடியும் பார்த்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் கொடுக்கலாம். இறப்பர் விலை விழுந்த ஆண்டுகளில் அவர்களில் பலர் கொழும்புக் கடைகளுக்கும் மத்திய கிழக்கு வீடுகளுக்கும் போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பவர்களின் கையில் அந்தப் பதம் இன்னும் இருக்கிறது.