பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்ன?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வேலைக்குப் போகக் காரை வெளியே எடுத்தேன். எதிர் வரிசையில், எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி, வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன. நல்ல காரியமா, துக்கமா என்று முதலில் தெரியவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த இரண்டு பேரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

மத்தியானம் எடுக்கிறார்கள் என்றார்கள். அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு மனைவியோடு போனேன். சாலையைக் கடக்கும்போது, "இறந்தவர் பேரு என்ன?" என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அவர் 'வெள்ளை மைவிக்காரர்'. கார் எண் கூட எனக்கு மனப்பாடம். ஆறு வருடமாக எதிரெதிரே குடியிருந்தும் அவர் பெயரை அன்றுதான், கூடாரத்தில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த பெரியவர், நம் ஆட்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"தம்பி எந்தத் தோட்டம்?"

ஜாசின் பக்கம் என்று சொல்லி எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா! நாங்க அசகான் பக்கம். இவன் சின்ன வயசுல உங்க தோட்டத்துத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் வருவானே! உங்க திடல்ல பந்து விளையாடியிருக்கானே!"

எனக்குப் பேச்சு வரவில்லை. ஒருவேளை அந்தத் திடலில் நானும் அவரும் எதிரெதிர் அணியில் ஆடியிருக்கலாம். பேச எவ்வளவு இருந்திருக்கும்! ஆறு வருடமும் கையைத் தூக்குவதோடு முடித்துக்கொண்டோம்.

அன்று இரவு மனதில் வந்த கேள்விதான் இந்த வாரத்துக்கு. லயத்தில் எல்லாரையும் தெரிந்துவைத்திருந்த நாம், தாமானுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் கூடத் தெரியாமல் இருக்கிறோமே, ஏன்?

"காலம் கெட்டுப்போச்சு, மனுஷனுக்கு மனசு சுருங்கிப்போச்சு" என்பது எல்லாரும் சொல்லும் பதில். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். லயத்தில் இருந்தவனும் நான்தான், தாமானில் இருப்பவனும் நான்தான். அங்கே பன்னிரண்டு வீட்டு ஆட்களின் பெயரோடு, யார் வீட்டு ஆடு எது என்பது வரை எனக்குத் தெரியும். கேட் சாவியை வாங்கிய அன்றே என் குணம் மாறிவிட்டதா என்ன?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு குடியிருப்பில் பதில் தேடியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, படிக்க வந்த திருமணமான மாணவர்களுக்காக மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் வீடுகள் கட்டிக்கொடுத்தது. யாருக்கு எந்த வீடு என்பதைக் குடியேறியவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை; காலியாக இருந்ததைக் கொடுத்தார்கள். அங்கே யார் யாரோடு பழகுகிறார்கள் என்று லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் என்ற மூன்று ஆய்வாளர்கள் கேட்டுப் பார்த்தார்கள். 1950-இல் அது புத்தகமாக வந்தது.

ஒரே மாடியில் அடுத்த கதவில் இருப்பவரை நண்பராகச் சொல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 41. ஒரு வீடு தள்ளி இருந்தால் 22. அதே மாடியின் மறுகோடியில் இருந்தால் வெறும் 10. குணம், படிப்பு, பொழுதுபோக்கு எல்லாவற்றையும் பார்த்துத்தான் நட்புக் கொள்கிறோம் என்று நாம் நினைக்கிறோம். அங்கே பல நட்புகளைத் தீர்மானித்தது கதவு இருந்த இடம்.

இதை மட்டும் வைத்துப் பார்த்தால் என் கேள்விக்குப் பதில் கிடைக்காது. எங்கள் தாமானிலும் ஒட்டு வீடுகள்தானே? ஒரு வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் இருபது அடிதான் இருக்கும். அடிக்கணக்கில் பார்த்தால் பெரிய தூரம் இல்லை.

அந்த ஆய்வின் இரண்டாவது பகுதியில்தான் விடை இருக்கிறது. மாடிப்படிக்கு அருகில் குடியிருந்தவர்களுக்கு மேல்மாடியில் நண்பர்கள் அதிகம். முற்றத்தைப் பார்த்த வீட்டுக்காரர்களை விட, சாலையைப் பார்த்த வீட்டுக்காரர்களுக்கு நண்பர்கள் குறைவு. ஆக, வீடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை விட, ஒரு நாளில் எத்தனை முறை ஒருவர் வழியில் இன்னொருவர் குறுக்கே வருகிறார் என்பதே முக்கியம்.

இப்போது லயத்தை நினைத்துப் பாருங்கள். 1896-இல் தான் சே யான் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அடுத்து புக்கிட் அசகானில் பெரிய அளவில் போட்டார். நாட்டின் ரப்பர் தோட்டத் தொழில் அங்கிருந்துதான் ஆரம்பம். தோட்டங்கள் பெருகின, லயங்களும் பெருகின. ஆட்களை வேலைக்குப் பக்கத்தில், குறைந்த செலவில் வைத்துக்கொள்ளக் கட்டிய வீடுகள் அவை. நாம் சிநேகமாக இருக்கவேண்டும் என்று எந்தத் துரையும் திட்டம் போடவில்லை. ஆனாலும் விடியுமுன் பெரட்டுக் களத்தில் சந்திப்பு. பிறகு பால் நிறுக்கும் ஸ்டோரில் வரிசை. சாயங்காலம் பைப்படியில் குடங்களின் வரிசை. பிள்ளைகள் ஆயாக்கொட்டகையிலும் தமிழ்ப்பள்ளியிலும் ஒன்றாக. அஞ்சடியில் உட்கார்ந்தால் போகிற வருகிற ஒவ்வொருவரும் "பசியாறியாச்சா?" என்று கேட்காமல் தாண்ட முடியாது. லயத்தில் ஒரு சாவு விழுந்தால், எடுக்கும் வரை எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. யார் போனார் என்று கேட்கவேண்டிய தேவையே இருக்காது.

தாமானில் என்ன நடக்கிறது? கேட் தானாகத் திறக்கிறது, கார் உள்ளே போகிறது, கேட் மூடுகிறது. குழாய் வீட்டுக்குள். துணி காய்வது பின்பக்கம். குளிர்சாதனத்துக்காகச் சன்னலும் சாத்தியிருக்கிறது. வெள்ளை மைவிக்காரரும் நானும் ஆறு வருடத்தில் நடந்து போய் நேருக்கு நேர் சந்தித்தது எத்தனை முறை என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல் மிச்சம்.

உடனே "லயமே சொர்க்கம்" என்று நான் சொல்ல வருவதாக நினைக்கவேண்டாம். அங்கே சுவர் கூரை வரை போகாது. இந்த வீட்டில் அடி விழுந்தால் நான்காவது வீட்டில் கேட்கும். குடிச் சண்டை, கோழிச் சண்டை, பைப்படிச் சண்டை, சாதிப் பேச்சு எல்லாமே இருந்தன. இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1976-இல் கலிபோர்னியாவின் ஒரு குடியிருப்பைப் பற்றி வெளிவந்த ஆய்வில், நண்பர்கள் மட்டுமல்லாமல் பிடிக்காதவர்களும் பெரும்பாலும் பக்கத்திலேயே இருந்தது தெரிந்தது. அடிக்கடி குறுக்கே வருகிறவரோடு பாசமும் வளரும், பகையும் வளரும்.

என் அம்மா அதனால்தான் கேட் வைத்த வீட்டுக்கு ஆசைப்பட்டார். தண்ணீருக்கு வரிசையில் நிற்காமல், யார் காதிலும் விழாமல் தன் வீட்டில் தன் குரலில் பேசவேண்டும் என்பது அவருடைய கனவு. அந்தக் கனவைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தக் கேட்டுக்குப் பின்னால்தான் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். ஆனால் கேட் சண்டையை வெளியே நிறுத்தியபோது, பெரியவர் சொன்ன அந்தத் திடலையும் சேர்த்து வெளியே நிறுத்திவிட்டது.

மனசு கெட்டுவிட்டது என்றால் செய்வதற்கு ஒன்றும் இல்லை; புலம்பலாம். குறைந்தது வழிகள்தான் என்றால், வழியை நாமே போட்டுக்கொள்ளலாம். அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இப்போது சாயங்காலம் ஆறரைக்கு ஒரு நாற்காலியை எடுத்துக் கேட்டுக்கு வெளியே போட்டு உட்காருகிறேன். முதல் மூன்று நாள் கூச்சமாக இருந்தது. நான்காம் நாள், தினமும் நடக்கப் போகிற கோடி வீட்டு மலாய்க்காரர் நின்று, வீட்டுச் சாவி தொலைந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றதும் சிரித்தார். இப்போது அவர் பெயர் எனக்குத் தெரியும். முழங்கால் வலிக்கு எந்த மருத்துவரிடம் போகிறார் என்பதும் தெரியும். பக்கத்து வீட்டுச் சீன அம்மாவுக்கு என் மனைவி ஒரு தட்டில் பலகாரம் கொடுத்தார். தட்டு காலியாகத் திரும்பவில்லை. ஆரஞ்சுப் பழங்களோடு வந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எதிர் வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா காப்பி கொடுத்துவிட்டு, "நீங்க அந்தத் தோட்டம்னு மாமா சொன்னாரு. எங்க வீட்டுக்காரர் அடிக்கடி அந்தத் திருவிழாவைப் பத்திப் பேசுவாரு" என்றார். நான் தலையை ஆட்டினேன். எங்கள் கோயிலைப் பற்றி, திடலைப் பற்றி, எனக்கு நினைவிருந்த எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

உங்கள் வீட்டுக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, எதிரில் ஒன்று. மூன்று வீடுகள். பெயர் தெரியுமா என்று இன்று எண்ணிப் பாருங்கள். தெரியாவிட்டால், சாயங்காலம் கேட்டைத் திறந்து வையுங்கள்.